ஒட்டோமான் அரண்மனையின் மணி பதித்த பருகு கலங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஒட்டோமான் (துருக்கிப் பேரரசு) சுல்தான்களின் அரண்மனையாக இருந்த, இஸ்தான்புல்லின் தோப்காபி அருங்காட்சியகத்தில் உள்ள தங்கக் கூஜா வெறும் காட்சிப்பொருளா?

பதில்: இல்லை. சுல்தான் வெளியே செல்லும்போது குடிநீர்க் கூஜாவைச் சுமப்பதற்கென்றே ஒரு பணியாளர் இருந்தார். அக்கால நுண்ணோவியங்களில் அவர் வாள் ஏந்துபவருக்கு அருகில் நிற்பதைக் காணலாம். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த இந்தக் கூஜாவில் பச்சைக்கல் (ஜேடு) தகடுகளும் மாணிக்கங்களும் மரகதங்களும் பதிக்கப்பட்டுள்ளன.

கேள்வி: கல்லிலும் பீங்கானிலும் தங்கத்தை எப்படிப் பதித்தார்கள்? நம் நாட்டு நகைகளில் கல் பதிக்கும் குந்தன் வேலையைப் போன்றதா?

பதில்: உறவுண்டு, ஆனால் ஒன்றல்ல. பச்சைக்கல், படிகம், பீங்கான் ஆகியவற்றைப் பற்றவைக்கும் தீயில் காட்டினால் விரிசல் காணும் என்பதால், கொடி வடிவத்தில் மெல்லிய பள்ளம் கீறி, அதில் தங்கக் கம்பியை அழுத்திப் பதித்து, கொடி கிளைக்கும் இடங்களில் பூவிதழ் போன்ற விளிம்புடைய தங்கக் கூடுகளை அமைத்து, அவற்றுள் மணிகளை இருத்தினார்கள். முகலாயக் குந்தன் வேலையில் தூய தங்கத் தகடு கல்லைச் சுற்றி அழுத்தப்படுவதால் மணி பெரும்பாலும் பரப்போடு பரப்பாக அமையும். இங்கோ அது மேலெழுந்து நிற்கும். மணிகளைப் பட்டை தீட்டாமல் பெரும்பாலும் மெருகு மட்டும் ஏற்றியிருப்பதால் ஒவ்வொன்றும் தன் இயல்பான வடிவிலேயே இருக்கிறது. இந்தச் சீரின்மைதான் இக்கலையின் உயிர் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: அழகிய சீனப் பீங்கானில் மணி பதித்தது அதைக் கெடுத்ததாகாதா?

பதில்: நீலச் சித்திரத்தின் மேல் தங்கக்கொடி ஓடும் சில கலங்களில் இரண்டும் மோதிக்கொள்கின்றன. வெறும் வெள்ளைப் பீங்கானிலோ இவ்வேலை ஒப்பற்றது. 10,000க்கும் மேற்பட்ட சீனக் கலங்கள் தோப்காபியில் இருக்கின்றன. அவற்றுள் மணி பதித்தவை ஒரு சிறு பகுதியே.

கேள்வி: இவற்றைச் செய்தவர்கள் யார்?

பதில்: அரண்மனையின் சம்பளப் பட்டியலில் இருந்த கைவினைஞர் குழுவினர். 1514இல் பாரசீகருக்கு எதிரான சால்திரான் போரில் வென்ற சுல்தான் முதலாம் செலிம், பாரசீகத்தின் தப்ரீஸ் நகரிலிருந்து கலைஞர்களை அழைத்துவந்ததால், பாரசீகக் கைவண்ணமும் இதில் கலந்தது. அவர் மகன் சுலைமான் தாமே பொற்கொல்லர் தொழில் பயின்றவர்.

கேள்வி: முழுவதும் தங்கத்தாலோ வெள்ளியாலோ ஆன கலங்கள் ஏன் குறைவாகக் கிடைக்கின்றன?

பதில்: பொன், வெள்ளிக் கலங்களில் பருகுவதை நபிமொழி தடுக்கிறது. அரண்மனை இதை எப்போதும் கடைப்பிடித்ததில்லை. ஆயினும் படிகமும் பச்சைக்கல்லும் பீங்கானும் மதிப்புப் பெற இதுவும் ஒரு காரணம். செய்யப்பட்டவற்றிலும் பல, கருவூலம் வறண்ட காலங்களில் உருக்கப்பட்டு நாணயமாகிவிட்டன.