பைனாகுலர் கேள்வி-பதில்: பவர் மட்டும் போதாது

வலசைப் பறவைகள் வரத் தொடங்கிவிட்டதால் இந்த முறை கடிதங்கள் அதிகம். சிலவற்றுக்கு ஒரு வரிதான் பதில்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களில் பறவை பார்க்க 8x42 வாங்கலாமா, 10x42 வாங்கலாமா? (அஸ்தம்பட்டி)

8x42. முதல் எண் பவர், அதாவது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது; இரண்டாவது முன்பக்க லென்ஸின் விட்டம், மி.மீ. கணக்கில். காப்பிச் செடிக்கு மேலே சில்வர் ஓக் நிழல், அதற்கும் மேலே பனிமூட்டம். காலை ஏழு மணிக்கும் தோட்டத்துக்குள் வெளிச்சம் குறைவுதான். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5 மி.மீ. சொச்சம், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு அது. பத்து பவரில் அது 4 ஆகிவிடும். பார்வைப் பரப்பும் அப்படித்தான்: 1000 மீட்டர் தூரத்தில் எட்டில் சுமார் 130 மீட்டர் அகலம் தெரியும், பத்தில் 110. செம்மீசைச் சின்னான் கிளைக்குக் கிளை தாவும்போது அந்த அகலம்தான் கைகொடுக்கும். எதை வாங்கினாலும் கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

மூக்கனேரியில் தூரத்து மண்திட்டில் நிற்கும் உள்ளான்களைப் பிரித்தறிய முடியவில்லை. பெரிய பைனாகுலர் வாங்கட்டுமா? (கன்னங்குறிச்சி)

வேண்டாம், ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்குங்கள், ஒற்றைக் கண்ணால் பார்க்கும் சின்ன தொலைநோக்கி அது. 65 மி.மீ. லென்ஸ் போதும், வசதி இருந்தால் 80. 20-60 ஜூம் என்று போட்டிருந்தாலும் நம் ஊர் வெயிலில் 40-க்கு மேல் போனால் தண்ணீரின் மேல் எழும் கானல்தான் பெரிதாகத் தெரியும். ஒன்பது மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். காலையில் கிழக்குக் கரையில் நின்றால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். கால் நிறம், அலகின் வளைவு எல்லாம் தெளிவாகத் தெரியும். அப்புறம் டிரைபாட். ஸ்கோப்புக்கு முப்பதாயிரம் கொடுத்துவிட்டு டிரைபாடுக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்குகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். காற்றடித்தால் ஆடாத டிரைபாடாக இருக்க வேண்டும்.

ஆன்லைனில் '60x60' பைனாகுலர் 900 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 8x42-ஐவிட ஏழு மடங்கு பவர்தானே? (ஆத்தூர்)

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. தயவுசெய்து இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், அது 60 பவரே கிடையாது. நீங்களே சோதிக்கலாம். பைனாகுலரை முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, வெளிச்சமான வானத்தைப் பார்க்கப் பிடியுங்கள், சூரியன் இல்லாத பக்கமாக. கண் வைக்கும் லென்ஸில் சின்னதாக ஒரு வெளிச்ச வட்டம் மிதக்கும். ஸ்கேலால் அளந்து பாருங்கள். உண்மையிலேயே 60x60 என்றால் அது 1 மி.மீ. இருக்க வேண்டும். 3 மி.மீ. இருந்தால் பெட்டியில் அச்சடித்தது பொய். அந்த வட்டம் முழு வட்டமாக இல்லாமல் ஓரம் வெட்டியதுபோல் சதுரமாகத் தெரிந்தால் உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டியான ப்ரிஸமும் மட்டமானது. முன்பக்க லென்ஸ் மாணிக்கம்போல் சிவப்பாக மின்னினால் அதை நல்ல கோட்டிங் என்று நினைக்காதீர்கள். சிவப்பொளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் மாங்குயிலின் மஞ்சள்கூட வெளிறித் தெரியும்.

சரி, உண்மையிலேயே 60 பவர் என்றே வைத்துக்கொள்வோம். கையில் பிடித்துப் பார்க்கவே முடியாது. பவர் எத்தனை மடங்கோ, கை நடுக்கமும் அத்தனை மடங்கு. பத்துக்கு மேல் போனாலே பெரும்பாலானவர்களுக்கு முட்டு வேண்டும். பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பி அம்மா அப்பாவிடம் காசு வாங்கி வாங்கும் பள்ளிப் பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு தடவை மங்கலாகப் பார்த்துவிட்டு, பறவை பார்ப்பதே இவ்வளவுதான் போல என்று விட்டுவிடுகிறார்கள். அந்த 900 ரூபாயோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஐந்தாறாயிரத்தில் நேர்மையான 8x40 வாங்குங்கள். கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.

கண்ணாடி போடுகிறேன். கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டுமா? (சூரமங்கலம்)

வேண்டாம். கண் வைக்கும் லென்ஸைச் சுற்றியுள்ள வளையமான ஐகப்பைக் கீழே இறக்கிவிடுங்கள். ஐ ரிலீஃப், அதாவது லென்ஸிலிருந்து கண் எவ்வளவு தள்ளி இருந்தாலும் முழுக் காட்சி தெரியும் என்ற தூரம், 16 மி.மீ.க்குக் குறையாத மாடலாகப் பாருங்கள்.

புது பைனாகுலர் சரியில்லை. என்ன செய்ய? (மேச்சேரி)

என்ன மாடல், எப்படிச் சரியில்லை, எதுவுமே எழுதவில்லை. ஊகித்துச் சொல்கிறேன்: வலது கண் லென்ஸில், இரண்டு கண் பார்வைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரிக்கட்ட இருக்கும் டையாப்டர் வளையத்தை நீங்கள் தொட்டே இருக்க மாட்டீர்கள். வலப்பக்கத்தை மூடி, இடக்கண்ணுக்கு நடுச்சக்கரத்தால் ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, சக்கரத்தைத் தொடாமல், அதே பொருளை வளையத்தால் தெளிவாக்குங்கள். இதற்குப் பிறகும் இரண்டு பிம்பம் தெரிந்தால் ப்ரிஸம் நகர்ந்திருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் படர்ந்திருக்கிறது. (நாகலூர்)

பூஞ்சை. மலையில் இருப்பவர்கள் தோல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டிவைத்தால் இதுதான் நடக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடேற்றி மீண்டும் பயன்படுத்தலாம். இனி வாங்கும்போது நைட்ரஜன் நிரப்பி மூடிய மாடலாக வாங்குங்கள். சட்டை நுனியால் மட்டும் துடைக்காதீர்கள்.

தம்பி அமெரிக்காவில், மொன்டானாவில் இருக்கிறான். உரிமம் வாங்கி மான் வேட்டைக்குப் போகிறான். அவனுக்கு எது பொருந்தும்? (வாழப்பாடி)

திறந்தவெளியில் ஓரிடத்தில் உட்கார்ந்து எதிர்மலைச் சரிவைப் பகுதி பகுதியாகத் துழாவுவார்கள் என்பதால் 10x42, அதை மாட்ட ஒரு டிரைபாட். கொம்புக் கிளைகளை எண்ண 65 மி.மீ. ஸ்கோப். அடர்காட்டுக்குள் நடந்து போவதென்றால் 8x32 போதும். துப்பாக்கி ஸ்கோப்பை பைனாகுலராகப் பயன்படுத்த வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். அதில் எதைப் பார்க்கிறாரோ அதை நோக்கித்தான் குழல் இருக்கும். தூரத்தில் அசைவது மனிதனாகவும் இருக்கலாம்.

சேர்வராயன் மலையில் ராத்திரி முயல் பார்க்க நைட் விஷன் எது நல்லது? (ஊர் எழுதவில்லை)

பார்க்க மட்டும்தானா என்பது உங்கள் கடிதத்தின் அடுத்த வரியிலேயே தெரிந்துவிட்டது. முயல் வேட்டையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பதில் கிடையாது.

பத்து வயது மகளுக்கு? (கொண்டலாம்பட்டி)

6x30 அல்லது 8x30, அரைக் கிலோவுக்கு மேல் போகாமல். பிள்ளைகளுக்கு இரண்டு கண்ணுக்கும் இடைவெளி குறைவு. குழல்கள் அந்த அளவுக்கு நெருங்கி மடங்குகின்றனவா என்று அவளையே கடைக்குக் கூட்டிப்போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். சூரியன் பக்கம் திருப்பவே கூடாது என்பதை அவள் கையில் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.