விருது கொடுக்கும் முன் ஒரு காலைப்பொழுது உட்காருங்கள்

கேள்வி: எங்கள் ஒன்றியத்தில் சிறந்த அங்கன்வாடிப் பணியாளர் ஒருவருக்கு ஆண்டுதோறும் விருது கொடுக்கப் போகிறோம். ரூ.30,000 ஒதுக்கியாகிவிட்டது. விண்ணப்பப் படிவத்தில் என்னென்ன கேட்கலாம்?
– வாசகர் ஒருவர், பொள்ளாச்சி

பதில்: படிவமே வேண்டாம். படிவம் அச்சடித்தால், ஆல்பமும் சான்றிதழ் நகலும் அடுக்கத் தெரிந்தவருக்குத்தான் விருது போகும். அதைத் தயாரிக்கும் நேரமும் பிள்ளைகளிடமிருந்து எடுத்ததுதான். பெயர்களைத் தாய்மார்களிடம் கேளுங்கள். மையத்து வாசலில் வைத்துக் கேட்காதீர்கள். ரேஷன் கடை வரிசையில் கேளுங்கள், உண்மை வரும்.

நல்ல காரியம், செய்யுங்கள். 1958 முதல் கொடுக்கப்படும் தேசிய ஆசிரியர் விருது பள்ளி ஆசிரியர்களுக்காகத் தொடங்கியது. ஊரே ‘டீச்சர்’ என்று கூப்பிட்டாலும் மூன்று வயதுப் பிள்ளைக்குப் பாட்டும் நிறமும் சொல்லித்தருபவர் அந்தக் கணக்கில் வருவதில்லை. அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்கென்று மத்திய அரசு தேசிய விருது ஏற்படுத்தியது 2000-01-ல். கால் நூற்றாண்டு காத்திருந்தார்கள்.

தேர்வுக் குழுக்கள் செய்யும் பெரிய தவறு, ‘எடை குறைந்த குழந்தையே இல்லாத மையம்’ என்று மதிப்பெண் போடுவது. அப்படிப் போட்டால், நோஞ்சான் பிள்ளையைத் தேடிக் கண்டுபிடித்து உண்மையாக எழுதியவர் தோற்பார். மறைத்தவர் மேடை ஏறுவார். எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். ஒரு பிள்ளையின் வளர்ச்சி அட்டையை எடுத்து, எடை இறங்கிய மாதத்துக்கு அடுத்த மாதம் என்ன செய்தார் என்று கேளுங்கள். வீட்டுக்குப் போனாரா, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினாரா, பிறகு எடை ஏறியதா?

எடைப் பதிவேட்டையும் கவனமாகப் பாருங்கள். 100 கிராம் வரை காட்டும் தராசில் 9.8, 10.3, 11.7 என்று எண்கள் சிதறித்தான் வரும். பக்கம் முழுக்க 10, 10.5, 11 என்றே இருந்தால், தராசில் ஏற்றாமலோ முள்ளை உற்றுப் பார்க்காமலோ எழுதியது. ஒரு பிள்ளையை எதிரிலேயே எடை போடச் சொல்லுங்கள். முதலில் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்கிறாரா, கனமான உடையையும் செருப்பையும் கழற்றுகிறாரா என்பது போதும்.

சுவர் ஓவியத்துக்கு மதிப்பெண்ணே வேண்டாம். மகாராஷ்டிரத்துக் கோஸ்பாடில் குழந்தைக் கல்வியாளர்களான தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும், வார்லிப் பழங்குடிப் பிள்ளைகள் மாடு மேய்த்த புல்வெளிக்கே பள்ளியைக் கொண்டுபோனார்கள். முன்னவருக்கு 1962-ல் பத்மபூஷண், பின்னவருக்கு 1985-ல் பத்மஸ்ரீ. அங்கே பார்க்கச் சுவரே இல்லை! நீங்கள் காலை 10 மணிக்குப் போய் ஓரமாகத் தரையில் உட்காருங்கள். படங்கள் பிள்ளையின் கண் உயரத்தில் இருக்கின்றனவா? விளையாட்டுப் பொருள்கள் கைக்கு எட்டுகின்றனவா, பீரோவில் பூட்டிக் கிடக்கின்றனவா? டீச்சர் மட்டுமே பேசுகிறாரா, பிள்ளைகளும் கேள்வி கேட்கிறார்களா? ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

சொல்லாமல் போக வேண்டும், ஆனால் அனுமதி இல்லாமல் போகக்கூடாது. குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் தேதி குறிப்பிடாமல் ஒரு மாதத்துக்கு அனுமதிக் கடிதம் வாங்குங்கள். விருதுப் பணத்தைப் பணியாளர் வாங்கிக்கொள்ளலாமா என்பதையும் அப்போதே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். தடுப்பூசி நாளையும் கூட்ட நாளையும் தவிர்த்துவிடுங்கள்.

பணம் ஒருவருக்கு மட்டும் என்பதை மாற்றுங்கள். பிள்ளைகளை வீடு வீடாகப் போய் அழைத்து வந்து, சமைத்து, கழுவி விடும் உதவியாளர் இல்லாமல் எந்த மையமும் ஒரு நாள் ஓடாது. இருவருக்கும் ஆளுக்கு ரூ.12,000 வங்கிக் கணக்கில் போடுங்கள். மீதி ரூ.6,000-க்கு மையத்துக்கு விளையாட்டுக் கட்டைகளும் படப் புத்தகங்களும் வாங்குங்கள். பொன்னாடைக்கும் ஷீல்டுக்கும் இதிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்காதீர்கள். விழாவை மையம் மூடியபின் மாலையில் வையுங்கள். வரவேற்புக்கு என்று பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தாதீர்கள்.