தோத்துப்போன கொட்டேஷனுக்கும் ஒரு பதில் உண்டு

கேள்வி: வணக்கம் மேடம். பர்சேஸ் டிபார்ட்மென்ட்ல சேர்ந்து 6 மாசம்தான் ஆகுது. ஒரு மெஷினுக்கு 5 பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கி ஒருத்தருக்கு ஆர்டர் போட்டாச்சு. மீதி 4 பேருக்கு என்ன எழுதறதுன்னே தெரியல, 3 வாரமா அவங்க போன் வந்தா எடுக்காம இருக்கேன். அதுல ஒருத்தர் ரெண்டு தடவை நேர்ல வந்து அளவெல்லாம் எடுத்துட்டுப் போனவர். அவர் முகத்துக்கு நேரா எப்படி இல்லைன்னு சொல்றது?

பதில்: இந்தப் பக்கத்தைப் படிச்சு முடிச்சதும் முதல் போன் அவருக்குப் போடுங்கம்மா. அளவு எடுத்துட்டுப் போனவருக்கு வெறும் மெயில் பத்தாது, ரெண்டு நிமிஷம் வாயால சொல்லணும், அப்புறம்தான் மெயில். மத்த 3 பேருக்கு மெயில் போதும், ஆனா அதுவும் இன்னைக்கே போகணும்.

நான் பர்சேஸுக்கு வர்றதுக்கு முன்னாடி சப்ளையர் பக்கம் 4 வருஷம் இருந்தேன். ஒரு பெரிய ஆர்டருக்குக் கொட்டேஷன் குடுத்துட்டு, வந்துடும்னு நம்பி, சரக்கை வேற யாருக்கும் குடுக்காம குடோன்ல ஒதுக்கி வச்சிருந்தோம், ஃபிட்டிங்குக்குன்னு ரெண்டு பசங்களையும் வேற வேலைக்கு அனுப்பாம வச்சிருந்தோம். கிணத்துல போட்ட கல்லு மாதிரி ஒரு சத்தமும் இல்ல. கடைசியில அந்த ஆர்டர் வேற ஒருத்தருக்குப் போயி ஒன்றரை மாசம் ஆச்சுன்னு லாரி டிரைவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். தோத்தது கூட அன்னிக்கே மறந்துபோச்சு, அந்த ஒன்றரை மாசத்தை மட்டும் இன்னும் என்னால மறக்க முடியல. இல்லைன்னு சொன்னா மனசு கஷ்டப்படும்னு நீங்க நினைக்கிறீங்க, ஆனா சொல்லாம இருந்தா அவங்க காசும் ஆளும் முடங்கிக் கிடக்கும்.

என்ன எழுதறதுன்னு கேட்டீங்க. "தங்களது விலைப்புள்ளி பரிசீலிக்கப்பட்டது, ஏற்க இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்"னு ஒரு வரி எழுதி முடிச்சுடுவாங்க நிறைய பேரு. அதுல மரியாதை இருக்கு, ஆனா படிக்கிறவருக்கு உபயோகமா ஒண்ணும் இல்ல. நான் இப்படி எழுதுவேன்:

"ஐயா, வணக்கம். இந்த மெஷினுக்காக நீங்க குடுத்த விலைப்புள்ளிக்கு நன்றி. இந்த முறை ஆர்டர் வேறொருவருக்குப் போயிருக்கிறது. உங்கள் விலை எங்களுக்குச் சரியாகவே இருந்தது, ஆனால் டெலிவரிக்கு 10 வாரம் கேட்டிருந்தீர்கள், எங்களுக்கு 6 வாரத்தில் தேவை. நீங்கள் நேரில் வந்து அளவெடுத்துக் கொடுத்த விவரம் எங்களுக்கு மிகவும் உதவியாக இருந்தது. மேலும் விவரம் வேண்டுமென்றால் இந்த எண்ணில் என்னை அழையுங்கள்."

முதல் ரெண்டு மூணு வரிக்குள்ளயே ஆர்டர் இல்லங்கறது வந்துடணும். அதை விட்டுட்டு நீட்டி முழக்கிப் புகழ்ந்தா, நாலாவது வரி வர்ற வரைக்கும் அவர் ஆர்டர் கிடைச்சிருச்சுன்னுதான் நினைச்சுட்டுப் படிப்பாரு, அது பாவம். அடுத்த தடவை கண்டிப்பா கூப்பிடுவோம்ங்கறதை நிஜமாவே கூப்பிடறதா இருந்தா மட்டும் எழுதுங்க.

இன்னொண்ணு, ஜெயிச்சவர் ஆர்டரை ஏத்துக்கிட்டேன்னு எழுத்துல குடுக்கட்டும்னு ஒரு சில நாள் காத்திருக்கறதுல தப்பில்ல. அப்படி ரெண்டாவதா வந்தவரை நிறுத்தி வைக்கறதா இருந்தா, "நீங்க அடுத்த இடத்துல இருக்கீங்க, இந்த தேதிக்குள்ள சொல்லிடறோம்"னு அவர்கிட்டயே சொல்லிடுங்க. ஈ.எம்.டி., அதாவது கொட்டேஷனோட கட்டச் சொல்ற டெபாசிட், வாங்கியிருந்தா அதைத் திருப்பறது எப்போன்னு அதே மெயில்லயே எழுதிடணும், டெபாசிட் பணம் மாட்டிக்கிட்டு இருக்கறவருக்கு உங்க நன்றியை விட அந்த வரிதான் முக்கியம்.

கேள்வி: தோத்தவங்ககிட்ட காரணத்தை எவ்வளவு தூரம் சொல்லலாம்? ஜெயிச்சவர் ரேட்டைக் கேட்டா குடுக்கணுமா?

பதில்: இது தனியாரா, பொதுப் பணமாங்கறதைப் பொறுத்தது. தனியார் கம்பெனின்னா ஜெயிச்சவர் ரேட்டைச் சொல்ல வேண்டிய அவசியம் பொதுவா இல்ல, அவர் நம்பி குடுத்த விலை அது. நீங்க சொல்ல வேண்டியது தோத்தவரோட கொட்டேஷன்ல என்ன குறைச்சல்ங்கறதை மட்டும்தான். "நீங்க டெஸ்ட் சர்டிபிகேட் வைக்கல"ன்னு சொல்லலாம், "அவங்க டெக்னாலஜி இப்படி"ன்னு அடுத்தவர் விஷயத்தைத் திறக்கக் கூடாது. டெண்டர்ல கேக்காத ஒண்ணைக் காரணமா சொல்லிடாதீங்க, பிரச்னை பெரும்பாலும் அங்கதான் ஆரம்பிக்குது.

பொதுப் பணத்துல கதை வேற. உலக வங்கி கடன்ல நடக்கற பெரிய டெண்டர்கள்ல, கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் நோட்டீஸ் போகணும், அதுல ஜெயிச்சவர் பேர், விலை, தோத்தவரோடது ஏன் எடுபடலைங்கற காரணம் எல்லாம் இருக்கும். அதுக்கப்புறம் 10 வேலை நாள் கையெழுத்து போடாம சும்மா இருக்கணும், அதைத்தான் ஸ்டாண்ட்ஸ்டில்னு சொல்றாங்க. தோத்தவர் 3 வேலை நாளுக்குள்ள விளக்கம் கேட்டா 5 வேலை நாளுக்குள்ள குடுத்தாகணும்.

இந்தக் காத்திருப்பு எதுக்குன்னு ஒரு வழக்கைப் பார்த்தா புரிஞ்சுடும். 1996ல ஆஸ்திரியாவுல அரசாங்கம் நெடுஞ்சாலைக்கு ஒரு எலக்ட்ரானிக் சிஸ்டம் வாங்க டெண்டர் விட்டுது, யாருக்குன்னு முடிவு பண்ண அன்னிக்கே கையெழுத்தும் போட்டுட்டாங்க. தோத்த கம்பெனிகளுக்கு விஷயம் பத்திரிகை மூலமாத்தான் தெரிஞ்சுது, அப்புறம் ஆட்சேபம் பண்ணி என்ன பிரயோஜனம், ஒப்பந்தம்தான் முடிஞ்சுபோச்சே. அல்காடெல் வழக்குன்னு பேரு, 1999ல ஐரோப்பிய நீதிமன்றம் கையெழுத்துக்கு முன்னாடி முடிவை எதிர்த்துக் கேக்க வழி இருக்கணும்னு சொல்லிடுச்சு. 2007ல வந்த ஐரோப்பிய சட்டத்துல இந்தக் காத்திருப்பு குறைஞ்சது 10 நாள்னு ஆச்சு. அரசு சார்ந்த இடத்துல இருக்கறவங்க, மெயில் அனுப்பறதுக்கு முன்னாடி உங்க டெண்டர் விதியில எத்தனை நாள், எந்த ஃபார்ம்னு பார்த்துக்கங்க.

கேள்வி: இல்லைன்னு சொன்ன உடனே "ரேட்டை இன்னும் குறைக்கறேன் மேடம், எனக்கே குடுங்க"ன்னு ஒருத்தர் விடாம கேக்கறார்.

பதில்: குறைச்ச ரேட்டைக் காதுலயே வாங்காதீங்க. இன்னைக்கு அதைக் கேட்டுட்டா, சரியான விலையை முதல்லயே நேர்மையா குடுத்தவர் ஏமாந்து போறாரு, அடுத்த டெண்டர்ல எல்லாரும் ஏத்தி வச்சு ஆரம்பிப்பாங்க. "முடிவாயிடுச்சு சார், மறுபடி திறக்க முடியாது, அடுத்த டெண்டர் வரும்போது முதல் விலையே உங்க நல்ல விலையா குடுங்க"ன்னு சாந்தமா சொல்லுங்க. கோபப்பட்டா படட்டும், குறுக்க பேசாம கேட்டுக்கங்க, சொல்ற பதிலை மட்டும் மாத்தாதீங்க.

கேள்வி: நான் சப்ளையர். காரணம் கேட்டா அடுத்த தடவை கூப்பிடாம விட்டுடுவாங்களோன்னு பயமா இருக்கு.

பதில்: கேளுங்க தம்பி. "ஏன் குடுக்கல"ன்னு கேட்டா சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும், "அடுத்த தடவை நான் எதைச் சரி பண்ணிக்கணும்"னு கேட்டா பெரும்பாலும் சொல்லிடுவாங்க. விதிப்படி விளக்கம் கேக்கற உரிமை இருந்தா அதுக்குக் கெடு இருக்கும், நாள் கடத்தாம எழுத்துலயே கேட்டுடுங்க.