சிரிக்கும் குருவிகள்: வாசகர் கேள்வி

கேள்வி: ஊட்டியில் என் அக்கா வீட்டுத் தோட்டத்தில் கூட்டமாகச் சிரிக்கும் குருவிக்குத் தொண்டை முதல் வயிறு வரை செம்பழுப்பு. எங்கள் தோட்டத்தில் சிரிப்பதற்கோ நெஞ்சு சாம்பல். ஒன்று ஆண், இன்னொன்று பெண்ணா ஐயா?
- வாசகி, வட்டக்கானல் (கொடைக்கானல் அருகே, பழனி மலை)

பதில்: இல்லையம்மா. சிரிப்பானில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நீங்கள் பார்த்தவை இரண்டு தனி இனங்கள். அக்கா வீட்டில் இருப்பது நீலகிரிச் சிரிப்பான். உங்களுடையது பழனிச் சிரிப்பான். வெண்புருவமும், சாம்பல் நெஞ்சில் மெல்லிய கீற்றுகளும் இருக்கும், பாருங்கள். இரண்டுக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய். குளிர்ந்த மலைமுகட்டிலேயே வாழும் இவை வெப்பமான சமவெளியில் இறங்கிக் கடப்பதில்லை. அதனால் நெடுங்காலம் பிரிந்தே இருந்து வேறு வேறு இனங்களாகிவிட்டன. 2017இல் மரபணு ஆய்வின்படி இவற்றுக்கென்றே ‘மான்டிசிங்க்லா’ என்ற தனிப் பேரினம், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்த தொகுதி, வகுத்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இவை கிடையா. நம் வேலியோரத்தில் அப்படியொரு உயிர் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு விம்முகிறது.

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தவிட்டுப்பழம் பழுத்துவிட்டால் விடியும் முன்பே சிரிப்பு தொடங்கிவிடும். ஒன்று குரல் கொடுத்தால் போதும், புதர் முழுக்கச் சேர்ந்துகொள்ளும்.

சோறு வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், குரங்கும் காட்டுப்பன்றியும்தான் வரும். வேலிப் புதரை மொட்டையாக வெட்டாமல் விடுங்கள், பூச்சியும் பழமும் அங்கேயே கிடைக்கும்.