வசூலுக்கு முன் ஒரு நோட்டு

சிறு அறக்கட்டளைகளையும் தொண்டு அமைப்புகளையும் நடத்தும் வாசகர்கள், நிதி திரட்டுவது பற்றி அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: பட்டுக்கோட்டை அருகே ஒரு கிராமத்தில் ஆறு ஆண்டுகளாக மாலை நேரப் படிப்பகம் நடத்துகிறோம். 60 பிள்ளைகள் வருகிறார்கள். ஆண்டுச் செலவு 9 லட்சம் ரூபாய். அதில் 6 லட்சத்தைச் சிங்கப்பூரில் வசிக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவரே கொடுத்துவந்தார். அடுத்த ஆண்டு முதல் அவ்வளவு தர இயலாது என்று சொல்லிவிட்டார். இன்னிசைக் கச்சேரி வைத்து டிக்கெட் விற்கலாம் என்கிறார்கள் எங்கள் உறுப்பினர்கள். சரியாக வருமா?
— ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: கச்சேரியை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். நான் பொருளாளராக இருந்த ஒரு சிறிய அமைப்பில் பல ஆண்டுகளுக்கு முன் இப்படித்தான் ஓர் இன்னிசை மாலை நடத்தினோம். வரவு 4 லட்சத்து 20 ஆயிரம். மண்டபம், ஒலிபெருக்கி, ஜெனரேட்டர், கலைஞர்களின் வண்டிச் செலவு, சாப்பாடு, சுவரொட்டி எல்லாம் போகக் கையில் நின்றது 38 ஆயிரம். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் இருந்தது: டிக்கெட் வாங்கிய நானூற்றுச் சொச்சம் பேரில் ஒருவருடைய முகவரியைக்கூட நாங்கள் வாங்கி வைத்திருக்கவில்லை. அடுத்த ஆண்டு யாரிடம் போய்க் கேட்பது?

உறவையும் ஊரையும் அழைத்துச் சோறு போட்டு மொய்ப்பணம் வாங்கும் மொய் விருந்து பற்றி உங்கள் பக்கத்தில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் ஆடியிலும் ஆவணியிலும் நடக்கும் அந்த விருந்தில் கறிச்சோற்றைவிட முக்கியமானது, பந்தலில் ஒருவர் குனிந்தபடியே எழுதிக்கொண்டிருக்கும் மொய் நோட்டு. நன்கொடை என்பது மொய்யைப் போலத் திருப்பிச் செய்ய வேண்டிய கடன் அன்று. ஆனால் அந்த நோட்டின் ஒழுங்கு நமக்கு அப்படியே வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் உங்களுக்குப் பணமோ பொருளோ கொடுத்த ஒவ்வொருவரின் பெயர், ஊர், தொலைபேசி எண், தொகை, எதற்காகக் கொடுத்தார் என்பது ஆகியவற்றை எழுதிவிட்டு, கடைசிப் பத்தியில் 'நாம் அவருக்குக் கடைசியாக எப்போது எழுதினோம்' என்பதைக் குறியுங்கள். அந்தப் பத்தி பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். உங்கள் வேலை தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

இனி கணக்கு. 9 லட்சத்தை 60 பிள்ளைகளுக்குப் பங்கிட்டால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய், மாதத்துக்கு 1,250 ரூபாய். துண்டு விழுவது 6 லட்சம். மாதம் 1,250 ரூபாய் தருபவர் 20 பேரும், மாதம் 500 ரூபாய் தருபவர் 50 பேரும் கிடைத்தால், முதல் வகையில் 3 லட்சமும் இரண்டாம் வகையில் 3 லட்சமும் வந்து பள்ளம் நிரம்பிவிடும். எழுபது பேர் என்பது ஒரு கல்யாணத்தில் ஒரு பந்திக்கு உட்காரும் கூட்டம்தான். இடையில் சிலர் நின்றுவிடுவார்கள் என்பதால் தொண்ணூறு பேரை இலக்காக வையுங்கள். யூபிஐ ஆட்டோபே வழியாக மாதாமாதம் தானாகவே பணம் வரும்படி செய்துகொண்டால், ஒவ்வொரு மாதமும் நினைவூட்டிக் கேட்கும் சங்கடம் இரு தரப்புக்கும் இல்லை. இது புதிய யோசனையும் அன்று. காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் நாள்தோறும் எடுத்துவைத்த ஒரு பிடி அரிசியால் நடந்த பள்ளி.

அந்தத் தொண்ணூறு பேரைத் துண்டறிக்கை கொண்டுவராது. உங்கள் குழுவில் ஒன்பது பேர் இருந்தால், ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த பத்துப் பேரை நேரில் பார்க்க வேண்டும். 'முடிந்ததைச் செய்யுங்கள்' என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் ஒருமுறை 200 ரூபாயோடு முடிந்துவிடும். 'ஒரு பிள்ளையின் ஒரு மாதச் செலவு 1,250 ரூபாய், அதில் சுண்டலும் நோட்டும் ஆசிரியரின் ஊதியமும் அடங்கும், நீங்கள் ஓராண்டுக்கு ஏற்றுக்கொள்ள முடியுமா' என்று தொகையையும் காலத்தையும் சொல்லிக் கேளுங்கள். ஆனால் இன்ன பிள்ளை இன்னாருடையது என்று பெயரையும் படத்தையும் கொடுக்க வேண்டாம். நாளைக்கு அந்தப் பிள்ளை அதே கடைத்தெருவில் அவர் முன்னால் நடக்க வேண்டும். பெற்றோரின் நினைவு நாளில் அன்னதானம் செய்பவர்கள் ஊரில் இருப்பார்கள். அவர்களிடம் அந்த ஒரு நாளின் மாலைச் சிற்றுண்டியைக் கேட்கலாம்.

சிங்கப்பூர்க்காரரை விட்டுவிடாதீர்கள். அவர் 'அவ்வளவு' முடியாது என்றுதான் சொல்லியிருக்கிறார். ஒரே அடியாக நிறுத்தாமல் இரண்டு ஆண்டுகளில் படிப்படியாகக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டால், புதியவர்களைச் சேர்க்க உங்களுக்கு அவகாசம் கிடைக்கும். அதற்கு முன், அடுத்த கேள்வியைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களிடம் எங்கள் அறக்கட்டளை பணம் வாங்கலாமா?
— ஒரு வாசகி, சிவகங்கை

பதில்: அவர்கள் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை பார்ப்பவர், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. பாஸ்போர்ட்டின் நகல் ஒன்றை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர், இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், ரூபாயாகவே கொடுத்தாலும், சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவர்தான். அவரிடம் வாங்க 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவு கேட்கும் அமைப்பு, பொதுவாக, மூன்று ஆண்டுகள் செயல்பட்டு, அந்தக் காலத்தில் குறைந்தது 15 லட்சம் ரூபாயைத் தன் பணிகளுக்குச் செலவிட்டிருக்க வேண்டும். பணம் முதலில் வந்து சேர வேண்டிய கணக்கு, ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் இருக்க வேண்டும். 'ஊரில் இருக்கும் தம்பி கணக்குக்கு அனுப்பி, அவர் பெயரில் கொடுக்கச் சொல்லலாமே' என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

கேள்வி: 80ஜி இல்லாததால்தான் எங்களுக்கு யாரும் தருவதில்லையா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: அது மட்டும் காரணமாக இருக்காது. 80ஜி என்பது, நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் பதிவு. 80ஜி பதிவு பெற்ற பெரும்பாலான அமைப்புகளுக்குக் கொடுப்பவர், உச்சவரம்புக்கு உட்பட்டு, தொகையில் 50 சதவீதத்தை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கோ இந்தச் சலுகையே கிடையாது. எனவே பதிவை வாங்குங்கள், ஆனால் உங்கள் கடிதத்தின் முதல் வரியாக அதை வைக்காதீர்கள். பதிவு வந்தபின் நன்கொடையாளர் பட்டியலை ஆண்டுதோறும் மே 31க்குள் வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்து, அவர்களுக்குச் சான்றிதழ் தர வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கான 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு. விண்ணப்பிக்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதி கிடைத்தால் எல்லாக் கவலையும் தீருமே?
— ஒரு வாசகர், ஓசூர்

பதில்: தீராது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம். அதைப் பெறச் சிஎஸ்ஆர்-1 என்ற படிவத்தில் அமைப்பைப் பதிவு செய்திருப்பதும், மூன்று ஆண்டு அனுபவமும் தேவை. நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரு திட்டத்துக்கு, ஓராண்டு ஈராண்டுக்குத்தான் கொடுக்கும். கணினி அறை வரும். மூன்றாம் ஆண்டு மின்கட்டணமும் ஆசிரியர் ஊதியமும் உங்கள் தலையில்தான் விழும். ஓசூரில் ஆலைகளுக்குப் பஞ்சமில்லை என்பதால் முயலுங்கள், ஆனால் அன்றாடச் செலவை அதை நம்பி ஏற்றாதீர்கள்.

கேள்வி: பயனாளிகளிடம் கட்டணம் வாங்குவது தொண்டுக்கு இழுக்கா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: பதில் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் செலுத்துவோரின் பணத்தைக் கொண்டே இலவச சிகிச்சையையும் நடத்துகிறது.

கேள்வி: உண்டியல் வைத்தால் வரும் பணத்துக்கு வரி உண்டா?
— ஒரு வாசகர், கரூர்

பதில்: அறப்பணி அமைப்பானால் உண்டு. கொடுத்தவரின் பெயரும் முகவரியும் இல்லாத நன்கொடை, மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது 1 லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டும் பகுதிக்கு 30 சதவீத வரி கட்ட வேண்டும். உண்டியலுக்குப் பக்கத்தில் ஒரு ரசீதுப் புத்தகத்தையும் பேனாவையும் வையுங்கள். நூறு ரூபாய்க்கு மேல் போடுபவரிடம் பெயர், ஊர், எண் கேட்டு எழுதிக்கொள்ள ஒருவரை உட்காரவையுங்கள். மறுநாள் காலை அந்த எண்களுக்கு ஒரு நன்றிச் செய்தி போகட்டும்.