குறுந்தொகை 40: பொருள் எழுதினேன், வடிவம் எங்கே?

தங்கச்சி, உயர்தரத் தமிழுக்குக் குறுந்தொகை என்ற சங்கத் தொகைநூலின் ‘யாயும் ஞாயும்’ பாட்டுக்கு நயம் எழுதினீர்கள், ஆசிரியர் ‘பொருள் மட்டும் இருக்கிறது, வடிவம் இல்லை’ என்று திருப்பித் தந்துவிட்டார், சரியா? முதலில் ‘உம்’மை எண்ணிப் பாருங்கள். யாயும் ஞாயும் (என் தாயும் உன் தாயும்), எந்தையும் நுந்தையும் (என் தந்தையும் உன் தந்தையும்), யானும் நீயும். மூன்று அடிகளில் மூன்று சோடி. தாய்மார், தகப்பன்மார், பிறகு நாங்கள் இருவர் என்று வட்டம் சுருங்கி வருகிறது. ‘உம்’ சேர்த்துச் சொன்னாலும் இரண்டு பேரும் தனித்தனியாகத்தான் நிற்கிறார்கள். நாலாம் அடியில் சோடியே இல்லை:

செம்புலப் பெயனீர் போல

செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் போல என்று பொருள். பாட்டில் மொத்தம் ஐந்து அடி. மற்ற அடிகளில் நாலு சீர், இதில் மூன்று. ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தின அடி, முச்சீராய் வருவது நேரிசை ஆசிரியப்பா என்ற பாவகையின் இலக்கணம். அந்தக் குறுகிய அடியில் உவமையை வைத்ததுதான் புலவரின் கெட்டித்தனம். உவமையாலேயே அவருக்குச் செம்புலப்பெயனீரார் என்று பெயரும் வந்தது.

வன்னியில் இருந்துகொண்டு உவமைக்கு உரை தேட வேண்டாம். ஐப்பசி மழைக்குச் செம்மண் ஒழுங்கையில் ஓடும் தண்ணீரை ஒரு கிளாசில் அள்ளிப் பாருங்கள். எது மண், எது மழை என்று பிரிக்க ஏலாது.

மோனைக்கு இரண்டாம் அடியின் எந்தையும், எம்முறை போதும். எதுகை தேடி மினக்கெட வேண்டாம்.

அப்புறம், யார், எந்தச் சூழலில் சொன்னது என்று பாட்டோடு வரும் துறைக்குறிப்பை விட்டுவிடாதீர்கள். தலைவன் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்ச, அவன் சொல்வது இது. நம் நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று முடிக்கும் ‘கலந்தனவே’ என்ற சொல்லின் ஈற்று ஏகாரத்தை அதோடு சேர்த்து எழுதுங்கள்.