அப்பாவின் 28 இஞ்ச் சைக்கிளும் பூம்புகார் காற்றும்

அன்புள்ள சார்,

வணக்கம். பாபநாசத்திலிருந்து எழுதுகிறேன். பள்ளி ஆசிரியை. கும்பகோணத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூடும் சைக்கிள் நண்பர்களோடு சில மாதங்களாக ஓட்டுகிறேன். புதிதாக வருபவர் தன் சைக்கிளைப் பற்றிப் பேச வேண்டும் என்பது அங்கே வழக்கம். என்ன கம்பெனி, எத்தனை கியர், டயர் அகலம் எவ்வளவு, எந்த ரோட்டில் ஓட்டப் பிடிக்கும் என்று ஒவ்வொருவரும் ஆசையாகச் சொல்வார்கள். என்னிடம் இருப்பது அப்பா விட்டுப்போன ஹெர்குலிஸ். 28 இஞ்ச், பார் வைத்தது, கம்பி பிரேக். நான் சொல்லி முடித்ததும் ஒருவர், “அதை வீட்டில் நினைவாக வைத்துக்கொள்ளுங்கள், ஓட்ட ஒரு கியர் சைக்கிள் வாங்குங்கள்” என்றார். போன ஆடியில் மயிலாடுதுறையிலிருந்து பூம்புகார் போனோம். போகும்போது எல்லோருக்கும் ஈடுகொடுத்தேன். திரும்பும்போது முடியவில்லை. வழியில் இரண்டு இடத்தில் எனக்காக நின்றார்கள், அது எனக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. அப்பாவின் சைக்கிளைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கலாமா? நீங்கள் என்ன ஓட்டுகிறீர்கள், ஏன்?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

கொடுக்க வேண்டாம். பூம்புகாரிலிருந்து திரும்பும்போது உங்களைத் தடுத்தது காற்று. சைக்கிளுக்கு அதில் பங்கு உண்டு, ஆனால் சிறிய பங்கு.

ஆடியில் நம் பக்கம் மேல்காற்று. மயிலாடுதுறையிலிருந்து கடலைப் பார்க்கக் கிழக்கே போனால் அது முதுகில் வரும். நீங்கள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், காற்றும் பின்னாலிருந்து அதே 15-ல் வருகிறது என்று வையுங்கள். உங்கள் உடம்புக்குக் காற்றே இல்லாத மாதிரி இருக்கும். அதே வேகத்தில் மேற்கே திரும்பினால் நெஞ்சில் மோதும் காற்று 30. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதாவது அமைதியான காலையில் 15-ல் ஓட்டும்போது காற்றைத் தள்ள எவ்வளவு பலம் வேண்டுமோ, அதைப்போல நான்கு பங்கு. டெல்டாவில் மலை கிடையாது, பாலம் ஏறுவதுதான் ஏற்றம் என்று நினைத்து வெளியூர்க்காரர்கள் வருவார்கள். ஆடிக்காற்றில் ஒருமுறை மேற்கே ஓட்டிய பிறகு அப்படிப் பேசமாட்டார்கள்.

உங்கள் சைக்கிளின் பங்கு எங்கே வருகிறது என்றால், அதில் உட்காரும் விதத்தில். 28 இஞ்ச் வண்டியில் நிமிர்ந்து உட்காருவோம், ஹேண்டில்பார் உயரத்தில் இருக்கும். எதிர்க்காற்றுக்கு உடம்பு பாய்மரம் மாதிரி விரிந்து நிற்கும். உங்கள் நண்பர்களின் வண்டியில் முதுகு முன்னால் குனிந்து இறங்கிவிடும். எடையைப் பற்றி அவர்கள் பேசியிருப்பார்கள். உங்களுடையது 20 கிலோ பக்கம் இருக்கும், அவர்களுடையது 13, 14 இருக்கலாம். சமதரையில் ஒரே வேகத்தில் போகும்போது அந்த வித்தியாசம் காலுக்கு அதிகம் தெரியாது. நின்று கிளம்பும்போது தெரியும், படிக்கட்டில் தூக்கும்போது தெரியும். அவ்வளவுதான்.

அப்புறம் கியர். நம் ஊரில் கியர் எதற்கு என்றால் எதிர்க்காற்றுக்கு. உங்கள் வண்டியில் முன்னால், பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் 44 அல்லது 48 இருக்கும், பின்சக்கரத்தின் பல்சக்கரமான ஃப்ரீவீலில் 18. 44-க்கு 18 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று. சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர், ஆக ஒரு மிதிக்கு 5.4 மீட்டர் போகிறீர்கள். நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு 19, 20 கிலோமீட்டர். காற்றில்லாத நாளில் அருமையான அளவு. எதிர்க்காற்றில் அது கனமான அளவு, மிதி மெதுவாகி முட்டியில் இறங்கும்.

இதற்குப் புது சைக்கிள் வேண்டியதில்லை. ஃப்ரீவீலை 22 பல்லாக மாற்றச் சொல்லுங்கள். ஒரு மிதிக்கு 4.4 மீட்டராகக் குறையும், கால் லேசாகச் சுற்றும். அது ரொம்ப லேசு என்று தோன்றினால் 20 பல். செயினில் லிங்க் சேர்க்க வேண்டி வரலாம், செயின் கவரில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பழைய சைக்கிள் கடைக்காரர் எவரும் செய்துகொடுப்பார். கையோடு இரண்டு சக்கரத்துக்கும் கோட்டம் எடுத்துவிடுங்கள்.

உங்கள் நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எதிர்க்காற்றில் ஒரு கூட்டம் போனால், பலமானவர்கள் மாறி மாறி முன்னால் போக, மற்றவர்கள் அவர்கள் பின்சக்கரத்தை ஒட்டி வர வேண்டும். பின்னால் வருபவருக்கு உழைப்பு கணிசமாக மிச்சமாகும். உங்களை முந்திப் போய் இரண்டு இடத்தில் காத்திருந்ததற்குப் பதிலாக, முன்னால் நின்று காற்றை வாங்கியிருக்கலாம். சேர்ந்து ஓட்டுவதில் எனக்குப் பிடித்ததே அதுதான். கோபமாகச் சொல்லவில்லை, அடுத்த ஞாயிறு அவர்களிடம் இதைச் சொல்லுங்கள், செய்வார்கள்.

நான் என்ன ஓட்டுகிறேன் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு வைத்திருக்கிறேன். கடைத்தெருவுக்கும் வயலுக்கும் 28 இஞ்ச். தூரம் போக 38 மில்லிமீட்டர் டயர் போட்ட ஒரு ஹைப்ரிட், அதாவது ரேஸ் சைக்கிளுக்கும் மலைச் சைக்கிளுக்கும் இடைப்பட்ட வண்டி, பின்னால் ஏழு கியர். அதைவிட மெல்லிய டயர் நம் ஆற்றங்கரைச் சாலைக்கு ஆகாது என்பது என் தீர்மானமான கருத்து. கப்பி பெயர்ந்து கிடக்கும், கரையில் கருவேல முள் கிடக்கும். மழைக்காலத்தில் வண்டல் களி டயரில் அப்பி மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டால் சக்கரமே சுற்றாது, குச்சியால் நோண்டி எடுக்க வேண்டும். மட்கார்டுக்கும் டயருக்கும் நல்ல இடைவெளி உள்ள வண்டிதான் ஐப்பசியில் வீடு வந்து சேரும். உங்கள் வண்டியில் அந்த இடைவெளி உண்டு. ஆனால் மழையில் ஒரு எச்சரிக்கை: இரும்பு ரிம் நனைந்தால் கம்பி பிரேக் சரியாகப் பிடிக்காது. முன்கூட்டியே பிடித்துப் பழகுங்கள்.

என்றாவது புதிது வாங்கினால் வால்வைப் பாருங்கள். மெல்லிய பிரெஸ்டா வால்வு உள்ள டியூப் என்றால், சின்ன ஊரில் காற்று அடிக்க வழி இருக்காது, சொந்தப் பம்போ மாற்றுப் பித்தளை முனையோ எப்போதும் பையில் வேண்டும். பைக் டியூப்பில் வரும் வால்வு என்றால் எங்கும் அடிக்கலாம். இன்னொன்று, ஹைப்ரிட் டயரிலும் சில சமயம் 28 என்று போட்டிருக்கும். அது 622 மில்லிமீட்டர் ரிம்முக்கானது, அப்பாவின் வண்டி ரிம் 635. ஒன்று மற்றதில் ஏறாது.

வழி என்று கேட்டால், தஞ்சாவூரிலிருந்து திருவையாறு. பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டருக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டுவீர்கள். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த பிறகு, விடியற்காலையில், ஒவ்வொரு பாலத்திலும் நின்று போக வேண்டிய வழி இது. வேகம் பார்ப்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை. கோடை ஓட்டத்துக்கு வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை. அகஸ்தியம்பள்ளி உப்பளங்களைத் தாண்டிப் போகும்போது நிழல் கிடையாது, ஆகவே இருட்டோடு கிளம்ப வேண்டும். மாசி, பங்குனியில் உள்ளூர்ச் சாலைகளில் உளுந்துச் செடியைப் பரப்பியிருப்பார்கள், அறுப்புக் காலத்தில் வைக்கோல். கியர் வண்டியின் பின்பக்கத்தில் அது சுற்றிக்கொண்டால் பாதி மணி நேரம் போய்விடும். இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடுங்கள்.

பார் வைத்த வண்டியைப் பெண் ஓட்டுவதைப் பற்றி யாரும் ஏதும் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. சொன்னால், பக்கத்து புதுக்கோட்டையை நினைவுபடுத்துங்கள். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, எழுத்தறிவு கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் வண்டியிலேயே ஓட்டினார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

நீங்கள் ஆசிரியை என்பதால் ஒரு வேண்டுகோள். டெல்டாவில் தினமும் அதிகம் சைக்கிள் ஓட்டுபவர்கள் உங்கள் மாணவர்கள்தான், அரசு கொடுத்த பிளஸ் ஒன் சைக்கிளில். அவர்களில் பலர் சீட்டை வந்த உயரத்திலேயே விட்டுவிடுகிறார்கள், முட்டி மடங்கியே மிதிக்கிறார்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீளும்படி சீட்டை உயர்த்தினால் போதும். ஒரு ஸ்பேனர், ஒரு மதிய இடைவேளை. அப்போது அவர்களிடமும் கேளுங்கள், எந்த வழியாக வருகிறாய், எந்த இடத்தில் காற்று அடிக்கிறது, எங்கே இறங்கித் தள்ளுகிறாய் என்று. உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்தப் பேச்சும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கேரியரில் பால் கேன் கட்டி வருபவரும் தன் வண்டியைப் பற்றி நிறைய வைத்திருப்பார்.

பூம்புகாருக்கு மறுபடி மார்கழியில் போங்கள். அப்போது வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று, போகும்போது எதிரே வரும். உடம்பில் தெம்பு இருக்கும்போதே அந்தக் கஷ்டத்தை முடித்துவிடலாம், திரும்பும்போது பெரும்பாலும் பின்னாலிருந்து தள்ளும். 22 பல் போட்டுவிட்டு எப்படி இருந்தது என்று எழுதுங்கள். 20 போதும் என்றால் அதையும் எழுதுங்கள், மற்றவர்களுக்கு உதவும்.

அன்புடன்